அந்தக் கட்டத்தில் டிக் போடலாமா? குடும்பத்தோடு ஊர் சுற்றக் கிளம்பும் முன் இன்சூரன்ஸ் கணக்கு

தண்டையார்பேட்டையில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டி, மூன்று கம்ப்யூட்டரும் ஒரு ஜெராக்ஸ் மிஷினும் வைத்து ஒரு சின்ன பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். ஏப்ரல் பாதி தாண்டினால் கடையில் கூட்டம் கூடும். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்திருக்கும். மாமனார் ஊர், மூணாறு, காசி, கொஞ்சம் கை தாராளமாக இருந்தால் சிங்கப்பூர் என்று ஆளாளுக்கு ஒரு திசை. எல்லோரும் பெயர், வயது, தேதி சொல்லி, பணம் கட்டும் பக்கம் வந்ததும் திரையை விரலால் தொட்டு ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "இன்னா தம்பி இது, இன்சூரன்ஸ்னு ஒரு கட்டம்? டிக் போடணுமா, வுட்ரலாமா?"

இரண்டு நிமிடத்தில் சொல்லக்கூடிய பதில் அதற்கு இல்லை. பின்னால் ஆதார் ஜெராக்ஸுக்கு நான்கு பேர் நிற்பார்கள். அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன். நான் ஏஜென்ட் இல்லை. நீங்கள் பாலிசி எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் எனக்கு வரப்போவது பிரின்ட் அவுட் காசு மட்டும்தான்.

என் கணக்கு ரொம்ப எளிமையானது. போனால் ரெண்டு மாதம் முணுமுணுத்துவிட்டு மறந்துவிடக்கூடிய பணத்துக்கு இன்சூரன்ஸ் வேண்டாம். போனால் நகையை அடகு வைக்க வேண்டிவரும் என்கிற பணத்துக்கு எடுத்துத்தான் ஆகவேண்டும். எது எந்தப் பக்கம் என்று பிரிப்பதில்தான் வேலையே இருக்கிறது.

முதலில் ரயில் பயணம், ஏனென்றால் அது சுலபம்

ஐ.ஆர்.சி.டி.சி. வெப்சைட்டிலோ ஆப்பிலோ டிக்கெட் போடும்போது ஒரு ஆளுக்கு 45 பைசாவுக்கு இன்சூரன்ஸ் வேண்டுமா என்று கேட்கும். போடுங்கள். யோசிக்கவே வேண்டாம். ஐந்து பேர் குடும்பத்துக்கும் சேர்த்து இரண்டே கால் ரூபாய். எங்கள் தெருமுனையில் ஒரு டீ கூட அந்த விலைக்குக் கிடைக்காது.

ரயில் விபத்தில் உயிர் போனாலோ முழுமையாக முடமானாலோ 10 லட்சம், நிரந்தரமான பகுதி ஊனத்துக்கு ஏழரை லட்சம் வரை, காயத்துக்கு ஆஸ்பத்திரிச் செலவு 2 லட்சம் வரை. இது ரயில்வே சட்டப்படி தருகிற இழப்பீட்டுக்கு மேல் வருவது. 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோரில் விபத்துக்குள்ளான கோரமண்டல் எக்ஸ்பிரஸ் நம்முடைய சென்ட்ரலுக்கு வந்துகொண்டிருந்த வண்டிதான். அதற்குப் பிறகு சில மாதங்களுக்கு அந்தக் கட்டத்தைப் பற்றி யாரும் என்னிடம் கேள்வியே கேட்கவில்லை. அவர்களே டிக் போடச் சொன்னார்கள். இப்போது மறுபடி கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆனால் டிக் போட்டதோடு வேலை முடிவதில்லை. டிக்கெட் வந்த பிறகு இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்து போனுக்கு ஒரு மெசேஜும் இமெயிலும் வரும். அதில் உள்ள லிங்க்கில் நாமினி பெயரைப் போட வேண்டும். பத்தில் ஒன்பது பேர் அதை விளம்பர மெசேஜ் என்று தள்ளிவிடுகிறார்கள். நாமினி இல்லாவிட்டாலும் சட்டப்படியான வாரிசுக்குப் பணம் போகும்தான். ஆனால் வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றவர்களைக் கேட்டுப் பாருங்கள். மெசேஜ் வந்த அன்றே போட்டுவிடுங்கள், ஒரு நிமிட வேலை.

கவுன்ட்டரில் எடுக்கிற டிக்கெட்டுக்கு இந்த வசதி கிடையாது. வெயிட்டிங் லிஸ்டில் இருந்தால் செல்லாது, கன்ஃபர்ம் அல்லது ஆர்.ஏ.சி. ஆகியிருக்க வேண்டும். பெர்த் எடுக்காத ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் கிடையாது. வண்டி லேட், பெட்டி காணோம், வழியில் வயிற்றுப்போக்கு என்றெல்லாம் கேட்டால் ஒன்றும் வராது. இது விபத்துக்கு மட்டும். வண்டியை ரயில்வேயே ரத்து செய்தால் முழுப்பணமும் அவர்களிடமிருந்தே திரும்பிவிடும். மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி நீங்கள் போகாமல் விட்டாலும், வண்டி கிளம்பும் முன் டி.டி.ஆர். (பணத்தைத் திருப்பிக் கேட்கும் மனு) போட்டால் முழுத்தொகை கிடைக்கும். அதற்கெல்லாம் இன்சூரன்ஸே தேவையில்லை.

(இடையில் ஒன்று. ரயில் டிக்கெட்டை உங்கள் சொந்த ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் போடுங்கள். அங்கீகாரம் இல்லாத கடைக்காரர் தன் சொந்தக் கணக்கில் போட்டுக் காசு வாங்கினால் அது குற்றம். எங்கள் கடைக்கு வந்தாலும் உங்கள் போனுக்கு ஓ.டி.பி. வரவைத்துத்தான் போடுவோம். நாமினி மெசேஜும் உங்கள் போனுக்கே வரும்.)

கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது?

ரயிலைத் தாண்டி வேறு பாலிசி பற்றி யோசிக்கும் முன், வீட்டு பீரோவைத் திறந்து என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். வடசென்னையில் ஏதோ ஒரு அட்டை இல்லாத வீடு குறைவு. மணலி, எண்ணூர் பக்கம் கம்பெனி வேலை என்றால் இ.எஸ்.ஐ. இருக்கும். ஐ.சி.எஃப்.பிலோ லோகோ ஒர்க்ஸிலோ வேலை என்றால் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரி. ஆண்டு வருமானம் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்குள் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. ஐ.டி. கம்பெனியில் பிள்ளை வேலை பார்த்தால் குரூப் இன்சூரன்ஸ், அதில் அப்பா அம்மா பெயர் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சிலர் சொந்தமாக ஃபேமிலி ஃப்ளோட்டர், அதாவது குடும்பம் முழுவதற்கும் ஒரே ஹெல்த் பாலிசி, எடுத்திருப்பார்கள்.

இதில் சொந்தமாக எடுத்த ஹெல்த் பாலிசியும் கம்பெனி குரூப் பாலிசியும் பொதுவாக இந்தியா முழுக்கச் செல்லும். மூணாறில் காய்ச்சல் வந்து அட்மிட் ஆனாலும், காசியில் கால் உடைந்தாலும் அதே பாலிசிதான். போகிற ஊரில் எந்த ஆஸ்பத்திரியில் கேஷ்லெஸ் (நாம் கட்டாமல் கம்பெனியே நேராகப் பணம் கட்டும் வசதி) இருக்கிறது என்று ஆப்பில் பார்த்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டால் போதும். தமிழ்நாட்டுக்குள் சாலை விபத்து என்றால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கிறது. அடிபட்டவர் எந்த ஊர்க்காரர் என்று பார்ப்பதில்லை. செங்குன்றம் தாண்டி ஆந்திரப் பக்கம் திருப்பதிக்குப் போகிறவர்களுக்கு, சாலை விபத்துக்கு ஏழு நாள்வரை ஒன்றரை லட்சம் வரை கேஷ்லெஸ் தருகிற மத்திய அரசுத் திட்டம் 2025 மே மாதம் அறிவிக்கப்பட்டது.

ஆகவே வேளாங்கண்ணி, ஊட்டி, திருப்பதி, கேரளா என்று போகிற குடும்பத்துக்குத் தனியாக டிராவல் இன்சூரன்ஸ் தேவையில்லை என்பது என் கருத்து. அந்தக் காசில் காருக்குச் சின்னதாக ஒரு வேலை செய்யுங்கள். கார் பாலிசியில் ஓனர் டிரைவருக்கு 15 லட்சம் விபத்துக் காப்பீடு இருக்கும். பக்கத்திலும் பின்னாலும் உட்காருகிறவர்களுக்குத் தானாக வராது, தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். சில நூறு ரூபாய்தான். குடும்பமே பின்சீட்டில்தானே உட்காருகிறது?

இனி முக்கியமான விஷயம். மேலே சொன்ன அட்டைகளில் அநேகமாக எதுவும் எல்லை தாண்டினால் பேசாது. அதுவும் எது எல்லை என்பதே பலருக்கு மறந்துபோகிறது. முக்திநாத் யாத்திரைக்குப் போகிற பெரியவர்கள் நேபாளத்தை ஏதோ உத்தரப்பிரதேசத்துக்கு அடுத்த மாநிலம் போலப் பேசுகிறார்கள். வாக்காளர் அட்டையைக் காட்டியே போய்விடலாம் என்பதால் அப்படித் தோன்றுகிறது. நேபாளம் வெளிநாடு. கொழும்பு ஒன்றேகால் மணி நேரப் பயணம்தான், விமான நிலையத்துக்கு மெட்ரோவில் போகவே நமக்கு அந்த நேரம் ஆகிவிடும். ஆனாலும் வெளிநாடு. அங்கே உங்கள் ஹெல்த் பாலிசி வெறும் காகிதம்.

ஒரு தாள், இரண்டு பத்தி

வெளிநாடு என்று முடிவானால் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். போன வருடம் வியாசர்பாடியிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு என் பில் புக்கின் பின்பக்கத்தில் இப்படித்தான் போட்டோம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், கணவனின் அம்மா. அம்மாவுக்கு 66 வயது, சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. சிங்கப்பூர், மலேசியா, ஆறு ராத்திரி.

இடது பக்கம்: போகாமல் நின்றுவிட்டால் திரும்பி வராத பணம். விசா கட்டணம் வராது. விமான டிக்கெட்டில் நாமே கேன்சல் செய்தால் ஏதோ கொஞ்சம் வரும், விமானக் கம்பெனியே ரத்து செய்தால் முழுசாகத் திரும்பித் தர வேண்டும். ஹோட்டலில் இரண்டு விலை காட்டியது. கேன்சல் செய்தால் பணம் வராத விலை ஒன்று, கடைசி நாளுக்கு முன்புவரை இலவசமாகக் கேன்சல் செய்யலாம் என்கிற விலை இன்னொன்று. ராத்திரிக்கு சில நூறு ரூபாய்தான் வித்தியாசம். இரண்டாவதைப் போடச் சொன்னேன். அதோடு இடது பத்தியின் பாதிக் கவலை போய்விட்டது. மீதி இருந்த தொகையைப் பார்த்து அந்த அண்ணன் சொன்னார், "இது போனா கஷ்டம்தான், ஆனா தாங்கிக்கலாம் தம்பி."

வலது பக்கம்: போன இடத்தில் வரக்கூடிய செலவு. அம்மாவுக்கு நெஞ்சுவலி என்று சிங்கப்பூரில் அட்மிட் செய்தால்? வெளிநாட்டவருக்கு அங்கே அரசு ஆஸ்பத்திரியிலும் மானியம் இல்லாத கட்டணம். உள்ளே எடுக்கும்போதே முன்பணம் கேட்பார்கள். பையன் படியில் விழுந்து ஆபரேஷன் என்றால்? படுத்த படுக்கையாக ஒருவரை விமானத்தில் கொண்டுவர வேண்டிவந்தால்? இன்னொன்றையும் எழுதினோம், வாயால் சொல்லாமல். உடலைக் கொண்டுவரும் செலவு. அந்தப் பத்தியில் தொகை எழுத எங்களுக்குத் துணிச்சல் வரவில்லை. கேள்விக்குறிதான் போட்டோம்.

இடது பக்கம் தாங்கிக்கொள்ளக்கூடியது, வலது பக்கம் முடியாதது. அப்படியானால் வாங்க வேண்டியது மருத்துவச் செலவுக்கான பாலிசி. பெட்டி தாமதம், பிளைட் தாமதம், டூர் கேன்சல் என்று அடுக்கிக் காட்டுகிற பெரிய பிளான் தேவையில்லை. அவர்களும் அதைத்தான் வாங்கினார்கள்.

சில இடங்களுக்கு இந்தத் தாளே வேண்டாம், ஏனென்றால் தேர்வு உங்கள் கையில் இல்லை. ஐரோப்பாவுக்கு ஷெங்கன் விசா கேட்டால் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு காட்டியே ஆகவேண்டும். உம்ராவுக்குப் போகிறவர்களுக்கு விசாவோடு சேர்த்தே சவுதியின் மருத்துவக் காப்பீடு வந்துவிடுகிறது. மண்ணடியில் பேக்கேஜ் போடும்போது அதில் என்ன அடங்கும், என்ன அடங்காது என்று கேட்டுக்கொண்டு, அதற்கு மேல் தேவையா என்று முடிவு செய்யுங்கள்.

விமான வெப்சைட்டில் வரும் கட்டம்

இதில் மட்டும் கை தானாக டிக் போடக் கூடாது. அல்லது போடாமலேயே டிக் விழுந்திருக்கும், அதைப் பார்த்து எடுக்க வேண்டும். நீங்கள் கேட்காத பொருளைக் கூடையில் நைசாகச் சேர்ப்பதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட விதிமுறைகளில் தடை செய்திருக்கிறது. ஆனாலும் பணம் கட்டும் பக்கத்தில் மொத்தத் தொகையை ஒருமுறை கூட்டிப் பார்ப்பது என் பழக்கம்.

உள்நாட்டு விமானத்துக்கு அந்தக் கட்டத்தில் ஆளுக்குச் சில நூறு ரூபாய் கேட்பார்கள். நான்கு பேர், போக வர என்றால் ஆயிரத்தைத் தாண்டும். பிளைட் லேட் என்றால் இவ்வளவு, பெட்டி போனால் இவ்வளவு என்று இருக்கும். இதில் பாதி விமானக் கம்பெனியின் கடமையாகவே இருக்கிறது. பிளைட் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் என்றால் வேறு பிளைட்டோ முழுப்பணமோ கேட்கலாம். உள்நாட்டுப் பயணத்தில் செக்-இன் பெட்டி தொலைந்தால் விமானக் கம்பெனியின் பொறுப்பு ஒரு பயணிக்கு 20,000 ரூபாய் வரை. வெளிநாட்டுப் பயணத்தில் மான்ட்ரீல் உடன்படிக்கைப்படி உச்சவரம்பு ஒன்றரை லட்சத்துக்கு மேல். பட்டுப்புடவையும் நகையும் செக்-இன் பெட்டியில் வைக்காமல் இருந்தால் உள்நாட்டுக்கு இந்தக் கட்டம் தேவைப்படாது. நகைக்கும் ரொக்கத்துக்கும் லக்கேஜ் இன்சூரன்ஸில் பணம் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரையை மறைக்காதீர்கள்

பாலிசி எடுக்கிறீர்கள் என்றால் அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான்.

ஆன்லைன் ஃபார்மில் "ஏற்கெனவே நோய் உண்டா" என்று கேட்கும். ஆமாம் என்று போட்டால் பிரீமியம் கூடும், அல்லது சில கம்பெனிகள் தரமாட்டோம் என்று சொல்லும். அதனால் இல்லை என்று போட்டுவிடலாம் என்கிற ஆசை வரும். எங்கள் தெருவில் ஒரு அத்தை அப்படித்தான் போனார். மகன் அவசரத்தில் எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று தட்டிவிட்டான். கோலாலம்பூரில் சர்க்கரை இறங்கி மயக்கம், இரண்டு நாள் ஆஸ்பத்திரி. பெரிய பில் இல்லைதான். ஆனால் கிளைம் போட்டபோது டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் வரியிலேயே பத்து வருடமாகச் சர்க்கரை உள்ளவர் என்று இருந்தது. டாக்டர் கேட்டபோது அத்தையே பெருமையாகச் சொல்லியிருக்கிறார், "பத்து வருஷமா கன்ட்ரோல்ல வெச்சிருக்கேன்" என்று. பொய் சொல்லாத வாய் அது. கிளைம் ஒரு ரூபாய்கூட வரவில்லை. கம்பெனி செய்தது தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை, அந்த மகனாலும் முடியவில்லை.

இருப்பதை இருக்கிறது என்று போடுங்கள். அதோடு பாலிசி வாசகத்தில் இரண்டு விஷயம் தேடுங்கள். ஒன்று, ஏற்கெனவே உள்ள நோயால் உயிருக்கு ஆபத்தான நிலை வந்தால் எவ்வளவு தருவார்கள் என்பது. பல பாலிசிகளில் அதற்குத் தனியாக ஒரு சின்ன வரம்பு இருக்கும், பெரிய எழுத்தில் போட்டிருக்கும் 50,000 டாலருக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது. இரண்டு, அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு அறை வாடகை, டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் என்று ஒவ்வொன்றுக்கும் தனி உச்சவரம்பு வைத்திருக்கிறார்களா என்பது. அம்மா அப்பாவுக்காகத்தானே பாலிசியே எடுக்கிறோம், அவர்களுக்கே குறைவாகக் கிடைத்தால் என்ன பயன்? பணம் போனாலும் பரவாயில்லை என்று பெரியவர்களுக்கு நல்ல பிளான் தனியாகவும், மற்றவர்களுக்குச் சாதாரண பிளானும் எடுப்பதில் தப்பில்லை.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிடக்டிபிள் என்று ஒரு தொகை இருக்கும், உதாரணமாக 100 டாலர். பில்லில் அந்த அளவு உங்கள் கையிலிருந்து போகும். ஆகவே சளி, காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்க்கிற செலவுக்கு இதை நம்பாதீர்கள், மாத்திரையை இங்கிருந்தே சீட்டோடு எடுத்துப் போங்கள். மது குடித்திருந்தால் கிளைம் கிடைக்காது. பாராசூட்டில் கட்டிக் கடல்மேல் இழுப்பது, ஜெட் ஸ்கீ, ஆழ்கடலில் முங்குவது எல்லாம் பெரும்பாலும் விலக்குப் பட்டியலில் இருக்கும். பிள்ளைகள் கேட்டு அழும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். வாடகை ஸ்கூட்டர் இன்னொரு பொறி. நம் ஊர் லைசன்ஸை மட்டும் வைத்துக்கொண்டு பாலியிலோ பட்டாயாவிலோ ஓட்டி விழுந்தால், செல்லுபடியாகும் லைசன்ஸ் இல்லை என்று கைவிரித்துவிடுவார்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கலாம், ஒரு வருடம் செல்லும். அதுவும் உங்கள் லைசன்ஸில் இரு சக்கர வாகனம் இருந்தால்தான் உதவும். மலை ஏறுகிறவர்கள் எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும் என்று பாருங்கள். முக்திநாத், கைலாஷ் யாத்திரைக்குப் போகிறவர்கள் ஹெலிகாப்டரில் இறக்கிக் கொண்டுவரும் செலவு உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

புயலுக்குப் பிறகு வாங்கிய பாலிசி

இது என் சொந்தக் கதை. எழுதக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை மதியம் எனக்கும் மனைவிக்கும் அம்மாவுக்கும் கொழும்புக்கு டிக்கெட். அக்டோபரிலேயே போட்டது. ஹோட்டல், திரும்பாத விலையில், 14,000 ரூபாய். முந்தைய ஞாயிறு ராத்திரி மழை ஊற்றுகிறது, டிவி முழுக்க மிக்ஜாம் புயல். அப்போதுதான் எனக்கு இன்சூரன்ஸ் நினைவு வந்தது. கரண்ட் போகும் முன் போனிலேயே ஒரு பாலிசி வாங்கினேன், டூர் கேன்சல் கவர் உள்ளதாகப் பார்த்து. என்னமோ சாமர்த்தியம் செய்துவிட்டதாக நினைப்பு.

மறுநாள் காலை விமான நிலையத்தை மூடினார்கள். பேசின் பிரிட்ஜ், வியாசர்பாடி நடுவே பாலத்தில் தண்ணீர் ஏறி ரயில்களும் நின்றன. எங்கள் வீட்டு வாசற்படி மூழ்கி, கடையில் ஜெராக்ஸ் மிஷினை மேஜைமேல் தூக்கி வைத்துவிட்டு நின்றோம். விமானக் கம்பெனி பிளைட்டை ரத்து செய்து முழுப்பணத்தையும் திருப்பித் தந்தது. ஹோட்டல்காரர் கை விரித்தார். அந்த 14,000-க்கு இன்சூரன்ஸ் கிளைம் போட்டேன். மூன்று வாரம் கழித்து இரண்டு வரிப் பதில்: பாலிசி வாங்கும்போதே தெரிந்திருந்த நிகழ்வுக்கு இழப்பீடு இல்லை.

அவர்கள் சொன்னது பாலிசியில் எழுதியே இருந்தது, நான்தான் படிக்கவில்லை. புயலுக்குப் பெயர் வைத்து, எச்சரிக்கை கொடுத்த பிறகு வாங்கினால் அந்தப் புயலுக்கு அது உதவாது. கேன்சல் கவர் வேண்டுமென்றால் டிக்கெட் போட்ட அதே வாரத்தில் வாங்குங்கள். மருத்துவத்துக்கு மட்டும் என்றால் அவசரமில்லை, கிளம்பும் முன் இந்தியாவில் இருக்கும்போதே வாங்கினால் போதும்.

கேன்சல் கவர் பற்றி இன்னொன்று. "எந்தக் காரணத்துக்காக நின்றாலும்" என்று பெரும்பாலான பாலிசிகள் தருவதில்லை. குடும்பத்தில் மரணம், ஆஸ்பத்திரியில் சேரும் அளவுக்கு நோய், இயற்கைப் பேரிடர் என்று பட்டியல் இருக்கும். ஆபீஸில் லீவு தரவில்லை, பிள்ளைக்குப் பரீட்சை தேதி மாறியது, மச்சானோடு சண்டை, இதெல்லாம் பட்டியலில் இருக்காது. விசா மறுக்கப்பட்டாலும் பெரும்பாலும் கிடையாது. நம் ஊரில் அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை டிக்கெட் போடுகிறவர்களுக்கு மழை ஒரு நிஜமான காரணம்தான். அந்த மாதங்களில் கேன்சல் ஆகும் ஹோட்டலைப் போடுவது பாலிசியைவிட மலிவு என்பது 14,000 ரூபாய் கட்டி நான் கற்றது.

வாங்கும்போதும் போன இடத்திலும்

பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே போடுங்கள். நம் வீடுகளில் ஆதாரில் ஒரு இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, ரேஷன் கார்டில் வேறொன்று. தேதியில், வீடு திரும்பும் நாளையும் சேர்த்து, முடிந்தால் ஒரு நாள் கூடுதலாகப் போடுங்கள். ராத்திரி 11 மணிக்குக் கோலாலம்பூரில் ஏறினால் மறுநாள்தானே மீனம்பாக்கத்தில் இறங்குவீர்கள். போகிற எல்லா நாடும் பாலிசியில் வருகிறதா என்று பாருங்கள்.

பாலிசியில் ஒரு உதவி எண் இருக்கும், பெரும்பாலும் வேறொரு அசிஸ்டன்ஸ் கம்பெனியுடையது. அதைப் போனில் மட்டும் வைக்காதீர்கள். போன் தொலைவதும் சார்ஜ் இறங்குவதும் இந்த மாதிரி நேரத்தில்தான். ஒரு தாளில் எழுதி ஒவ்வொருவர் பாஸ்போர்ட்டிலும் செருகி வையுங்கள். பாலிசி நம்பர், உதவி எண், சாப்பிடுகிற மாத்திரைகள், சென்னையில் யாரைக் கூப்பிடுவது என்று நான்கு வரி போதும். கடையில் ஐந்து காப்பி போட்டுத் தருகிறேன், பத்து ரூபாய்.

ஆஸ்பத்திரியில் சேர நேர்ந்தால், உயிர் போகிற அவசரம் இல்லையென்றால், சேருவதற்கு முன்பே அந்த எண்ணைக் கூப்பிடுங்கள். அவசரம் என்றால் சேர்த்துவிட்டு அன்றைக்கே கூப்பிடுங்கள். நாமாகப் பணம் கட்டிவிட்டு ஊருக்கு வந்து கேட்கலாம் என்று இருந்தால் காகிதத்துக்கு அலைய வேண்டும். பில், பணம் கட்டிய ரசீது, டிஸ்சார்ஜ் சம்மரி, டெஸ்ட் ரிப்போர்ட், போர்டிங் பாஸ், பாஸ்போர்ட்டில் விழுந்த முத்திரைப் பக்கம் எதையும் எறியாதீர்கள். போர்டிங் பாஸை விமானத்திலேயே விட்டுவிட்டு வருகிறவர்கள் நிறைய.

பெட்டி பெல்ட்டில் வரவில்லையா? ஹாலை விட்டு வெளியே வரும் முன்பே விமானக் கம்பெனி கவுன்ட்டரில் பி.ஐ.ஆர். என்கிற புகார் எழுதி நம்பர் வாங்குங்கள். வீட்டுக்குப் போய்விட்டு மறுநாள் வந்தால் பேச்சே வேறு. பாஸ்போர்ட்டோ பணப்பையோ திருடு போனால் அந்த ஊர் போலீஸில் புகார் கொடுத்து அதன் நகலைக் கையில் வாங்க வேண்டும். அது இல்லாமல் கிளைம் நகராது.

இல்லை என்று சொல்லிவிட்டால்

கிளைமை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். போனில் சொல்வது கணக்கில் சேராது. காரணம் சரியில்லை என்று தோன்றினால் முதலில் அந்தக் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு இமெயில். அவர்கள் கேட்காவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்திலோ, 155255 என்ற கட்டணமில்லா எண்ணிலோ புகார் செய்யலாம். ஒரு மாதத்துக்குள் பதில் இல்லையென்றாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ அடுத்தது இன்சூரன்ஸ் ஒம்புட்ஸ்மேன், அதாவது கம்பெனிக்கு வெளியே இருந்து புகாரை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர். கம்பெனி கைவிரித்த ஓராண்டுக்குள் போக வேண்டும். 50 லட்ச ரூபாய் வரையிலான புகார்களை எடுத்துக்கொள்வார்கள். வக்கீல் வேண்டாம், கட்டணம் கிடையாது.

சென்னை அலுவலகம் அண்ணா சாலையில், தேனாம்பேட்டைப் பக்கம். விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் போகிற அதே மெட்ரோவில் ஏறினால் நேரே தேனாம்பேட்டையில் இறங்கிவிடலாம். போகிறவர்கள் எல்லாக் காகிதத்திலும் இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போங்கள், ஒரிஜினலை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.